அத்தையின் பங்கு

ஹாபாய்
10 பிப்ரவரி 1997

என் தம்பி சிதிவேனியின் மனைவி கலோலைனுக்கு,

கர்த்தர் இந்த வாரமும் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. புயல் எங்கள் தீவைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. உனக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சுகம்தானே? என் முழங்காலுக்குத்தான் சுகமில்லை. நீ விசாரிக்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறீர்களாம். எனக்கு இதை யார் சொன்னது தெரியுமா? கப்பல் சமையல்காரன் தொமாசி. வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டே, "என்னக்கா, தம்பி குடும்பமே கெளம்புதாமே, உங்களையும் கூட்டிட்டுப் போறாங்களா?" என்று கேட்டான். படகுத்துறையில் நின்ற அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியாமலாடா, எல்லாம் தெரியும்" என்றேன். அறுபது வயதில் உன்னால் ஊர் பார்க்க நின்று பொய் சொன்னேன். ஆயர் மனைவிக்குச் சொல்லியாயிற்று, சமையல்காரனுக்குச் சொல்லியாயிற்று, எனக்குச் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லை.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். சிதிவேனிக்கு மூத்த அக்கா நான். அவன் பிள்ளைகளுக்கு நான்தான் ஃபாஹு. அவர்கள் வீட்டு விசேஷத்திலும் சாவிலும் முன்னால் உட்காருவது நான். நல்ல பாயோ, பன்றியின் நல்ல துண்டோ, நான் கை வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்த முறையில் கேட்கிறேன். இல்லை, சொல்கிறேன். பையன்கள் இரண்டு பேரையும் நீ கூட்டிக்கொண்டு போ. ஹெயிலாலா என்னிடம் இருப்பாள். அவளுக்குப் பெயர் வைத்தவள் நான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் குளிர் தேசத்தில் என்ன வேலை? அடுத்த கப்பலில் அனுப்பிவிடு. தலையில் பேன் இல்லாமல் அனுப்பு.

அன்போடுதான் முடிக்கிறேன்.
லெசியெலி


நுகுஅலோஃபா
2 மார்ச் 1997

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆண்டவருக்கு நன்றி. இங்கே தலைநகரில் மழையும் நாங்களும் நன்றாக இருக்கிறோம். முழங்காலுக்கு ஒரு புட்டி எண்ணெய் தொமாசியிடம் கொடுத்திருக்கிறேன். வெங்காயத்தோடு வைத்து வாசனையைக் கெடுத்திருந்தால் அவனைத் திட்டுங்கள்.

சொல்லாதது என் தப்புதான். ஆஸ்திரேலியாவில் அவர் வேலை பார்க்கும் இறைச்சிக்கூடத்து முதலாளி, குடும்பத்தோடு நிரந்தரமாக இருக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். விண்ணப்பம் போகும் வரை வாயைத் திறக்காதே என்று உங்கள் தம்பிதான் சொன்னார். மூன்று வருஷமாக அவர் அங்கே, நாங்கள் இங்கே. பையன்கள் அப்பா முகத்தைப் போட்டோவில் பார்த்து வளர்கிறார்கள்.

இப்போது வீட்டில் ஒரே ஒத்திகை. கோயிலில் கொடுத்த பழைய கம்பளிக் கோட்டுகளை இந்த வெயிலில் போட்டுக்கொண்டு வேர்த்துக் கொட்ட நடக்கிறார்கள், குளிருக்குப் பழகுகிறார்களாம். மரவள்ளிக் கிழங்கை முள்கரண்டியால் குத்தித் தின்ன பெனி கற்றுக்கொண்டுவிட்டான். லொபேதி தம்பியின் கையைக் குத்துகிறான். ஹெயிலாலா ஒரு கோட்டைப் போட்டவள் கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

விண்ணப்பத்தில் ஐந்து பெயர் இருக்கிறது அண்ணி. ஐந்து பேராகத்தான் போவோம். நீங்கள் உங்கள் தம்பியிடம் கேட்டிருந்தால் அவரால் இல்லை என்று சொல்ல முடிந்திருக்காது. அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதற்கு நன்றி. நான் இல்லை என்று சொல்கிறேன்.

பிள்ளைகளின் முத்தங்களோடு,
கலோலைன்


ஹாபாய்
19 மார்ச் 1997

கலோலைனுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நானும் இருக்கிறேன். எண்ணெய் வெங்காய வாசனைதான்.

தம்பியிடம் நான் கேட்காததை என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. அக்காவும் தம்பியும் இந்த மாதிரிப் பேச்சை நேருக்கு நேர் பேசுவதில்லை. அவன் மீசை முளைத்த நாளிலிருந்து நாங்கள் ஒரு அறையில் உட்கார்ந்ததில்லை. அதற்குத்தான் நடுவில் நீ. குழாய் மாதிரி. குழாய் பதில் சொல்லாது.

அந்த ஊரைப் பற்றி நானும் விசாரித்தேன். பெண் பிள்ளையும் அண்ணன்மாரும் ஒரே அறையில் படுப்பார்களாம், ஒரே சோபாவில் உட்கார்ந்து கண்ட படத்தையும் பார்ப்பார்களாம். சின்னது பெரியதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். சொந்தக்காரன் வீட்டுக்குப் போவதென்றால் முதலில் போன் பண்ணி, வரலாமா என்று கேட்க வேண்டுமாம். என் மருமகள் அங்கே போய் என்ன கற்றுக்கொள்வாள்? முள்கரண்டியா?

இன்னொன்று. இதை ஒரு தடவைதான் எழுதுவேன். என் புருஷன் போய் ஒன்பது வருஷம். எனக்கு ஒன்றும் பிறக்கவில்லை, அது உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் உன் தாய் அதைச் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் என் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது. பன்றிகளோடு பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது. உனக்கு மூன்று இருக்கிறது.

கப்பல் புதன்கிழமை.
லெசியெலி


நுகுஅலோஃபா
14 ஏப்ரல் 1997

அண்ணிக்கு,

சுகமாக இருங்கள்.

மூன்று இருப்பது என் தப்பா? மூன்றையும் நான் பெற்றேன். ஒவ்வொருவரின் முதல் பிறந்தநாளிலும் நீங்கள் வந்து முன்னால் உட்கார்ந்தீர்கள், முழுக் கேக்கையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். என் தாய் வீட்டுப் பாயை உதறிப் பார்த்து, "இதுல ஓட்டை இருக்கே, வேற இல்லயா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டீர்கள். நான் தலை குனிந்து வேறு பாய் கொண்டுவந்தேன். கேட்டதெல்லாம் கொடுத்தவள் நான். பிள்ளை பாய் இல்லை அண்ணி.

தொமாசியிடம் பெரிய கட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். என் தாய் எனக்குக் கொடுத்த மரப்பட்டைத் துணி முழுசாக இருக்கிறது, ஓரம் கூட வெட்டவில்லை. கூடவே மெல்லிய பாய் இரண்டு. ஒன்றிலும் ஓட்டை இல்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொண்டு எங்களை நிம்மதியாக அனுப்புங்கள். குரல்தான் வேண்டுமென்றால் லொபேதியை ஒரு வருஷத்துக்கு அனுப்புகிறேன், அவன் குரல் பத்துப் பேருக்குச் சமம்.

அடுத்த மாதம் விசாவுக்காக எங்கள் எல்லாருக்கும் டாக்டர் பரிசோதனை. அது முடிந்தால் டிக்கெட்தான். ஹெயிலாலா ஆங்கிலத்தில் நூறு வரை எண்ணுகிறாள். அவளை நான் விட்டுவிட்டுப் போவேன் என்று கனவு காணாதீர்கள்.

கலோலைன்


ஹாபாய்
5 மே 1997

கட்டு அவிழ்க்கப்படவில்லை. வந்த கப்பலிலேயே திரும்புகிறது. தொமாசி, "தூக்கி எறக்கி என் இடுப்பு போச்சுக்கா" என்கிறான், அவனுக்கு நீ பதில் சொல்.

பெண்ணுக்குப் பதிலாகப் பையனா? நான் என்ன சந்தையிலா நிற்கிறேன்?

இனி எழுதாதே. நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

லெசியெலி


நுகுஅலோஃபா
21 ஜூலை 1997

என் அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணி அவர்களுக்கு,

உங்களை நோய்நொடி இல்லாமல் காத்துவரும் பரலோகத் தகப்பனுக்கு எங்கள் குடும்பத்தின் ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் குளிர் மாதத்தில் வலி கூடும், கவனமாக இருங்கள். இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னியுங்கள். விண்ணப்ப வேலை, பள்ளிக்கூட வேலை என்று நாட்கள் ஓடிவிட்டன. நீங்களும் வருவதாகச் சொல்லி வரவில்லை. என் வார்த்தைதான் உங்களை நிறுத்தியிருக்கும். அதற்கும் மன்னிப்பு.

நான் நிறைய யோசித்தேன் அண்ணி. நீங்கள் சொன்னதுதான் சரி. முறை முறைதான். நான் இளம் ரத்தத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். ஃபாஹு கேட்டதை மறுத்துவிட்டு அந்நிய மண்ணில் கால் வைத்தால் எங்களுக்கு நன்மை வருமா? ஹெயிலாலா உங்களிடம் வளரட்டும். நம் பேச்சும் பாட்டும் நடனமும் உங்களைவிட யார் அவளுக்குச் சொல்லித்தர முடியும்?

அரசாங்கத்துக்காக ஒரே ஒரு சின்னக் காகிதம் மட்டும் வேண்டும். அவள் உங்கள் பொறுப்பில் இருக்கிறாள் என்று ஒரு பாதுகாவல் பத்திரம். வக்கீல் குமாஸ்தாவிடம் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். கப்பல் டிக்கெட்டை நான் அனுப்புகிறேன்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்போதும் இருப்பாளா? நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி போடுகிற வசதி உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் பாதத்தருகே உட்கார்ந்திருக்கும்,
கலோலைன்


ஹாபாய்
6 ஆகஸ்ட் 1997

கலோலைனுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன் கையெழுத்துதானா என்று பார்த்தேன். இரண்டாம் தடவை சிரித்தேன். மூன்றாம் தடவை கடைசி வரிகளில் விரலை வைத்துக்கொண்டு படித்தேன்.

பதினாலு வருஷமாக உன்னைத் தெரியும். நீ என் பாதத்தருகே உட்காருகிறவள் இல்லை. உட்கார்ந்தாலும் பாதத்தில் ஆணி ஏற்றத்தான் உட்காருவாய். "கனவு காணாதீர்கள்" என்று எழுதிய கை அது.

சுகமான பிள்ளைக்கு எதற்கு நர்ஸ்? எதற்கு நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி? டாக்டர் என்ன சொன்னான்?

சின்னக் காகிதத்தையும் பெரிய ஸ்தோத்திரத்தையும் தூக்கிப் போடு. என் மருமகளுக்கு என்ன?

லெசியெலி


நுகுஅலோஃபா
25 ஆகஸ்ட் 1997

அண்ணி,

கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

டாக்டர் பையன்கள் இரண்டு பேரையும் ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். ஹெயிலாலா நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவே இல்லை. முன்னால் வைத்தார், முதுகில் வைத்தார், மறுபடி முன்னால். அவள் கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான்கு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து கால் மூட்டெல்லாம் வீங்கியது ஞாபகம் இருக்கிறதா? வளருகிற வலி என்று எண்ணெய் தேய்த்தேன். அது இதயத்துக்குப் போய்விட்டது. ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. பல வருஷம் ஊசி போட வேண்டும், பின்னால் ஆபரேஷனும் வேண்டியிருக்கலாம். எண்ணெய் தேய்த்த கை இது.

விசா ஆபீஸில் சொன்னார்கள்: குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் யாருக்கும் கிடையாது. அவளை இங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்றாலும் கிடையாது, எங்கள் பிள்ளையாக இருக்கும் வரை அவளும் தேற வேண்டும். அவள் எங்கள் பொறுப்பில் இல்லை என்று சட்டப்படி பத்திரம் இருந்தால்தான் வழி. "யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களாம்மா?" என்று அந்த மனுஷன் கேட்டான். எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வந்தது. சத்தியமாக அப்போது நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன்.

முதலாளி டிசம்பருக்கு மேல் காத்திருக்க மாட்டாராம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான்கு பேர் போவோம். போடாவிட்டால் ஐந்து பேரும் இங்கேதான், அவரும் வேலை முடிந்து திரும்பிவிடுவார். இங்கே உட்கார்ந்து பையன்களுக்கு நான் எதைக் காட்டுவேன்? அவளுக்கு மருந்துக்கும் அங்கிருந்து அனுப்பினால்தான் உண்டு. இதெல்லாம் சாக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள்தானே கேட்டீர்கள் அவளை!

அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கலோலைன்


குயின்ஸ்லாந்து
1 செப்டம்பர் 1997

என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். தங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறேன். இங்கே குளிர் குறைந்துவிட்டது. போன வாரம் இரண்டு நாள் மழை. கரும்பு நன்றாக இருக்கிறது. நம் ஊர்க் கிழங்கு இங்கே கடையில் கிடைக்கிறது, ருசி இல்லை.

கலோலைன் எழுதியிருப்பாள். அக்கா என்ன சொன்னாலும் சரி.

தம்பி சிதிவேனி


ஹாபாய்
15 செப்டம்பர் 1997

கலோலைனுக்கு,

உன் புருஷன் எழுதியிருக்கிறான். பாதிக் கடிதம் மழை, கரும்பு, கிழங்கு. பெற்ற பிள்ளையின் பெயர் அதில் இல்லை. அவனைத் திட்ட எனக்கு முறை இல்லை, அதையும் உன்னிடமே சேர்த்துத் திட்டுகிறேன்.

வெட்கம் கெட்டவளே! நான் கேட்டபோது அவள் உன் கண்மணி. விசா கவுண்டரில் ஒருவன் முடியாது என்று தலையை ஆட்டியதும் அவள் என் பங்கா? உனக்கு வேண்டாதபோது என் தலையில் கட்ட, முறை என்று ஒரு பெயரா? நீ அவளுக்கு நோய் என்று முதலிலேயே அழுது எழுதியிருந்தால் நான் நீந்தியாவது வந்திருப்பேன். ஸ்தோத்திரம் பாடி ஏமாற்றப் பார்த்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பத்திரத்தைப் பற்றி எங்கள் ஊர் ஆசிரியரிடம் கேட்டேன். பெற்றவர்களுக்கு அவள்மேல் உரிமை இல்லை என்று அதில் எழுதியிருக்குமாம். நான் கேட்டது அதுவா? நம்மிடம் பிள்ளையை ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அதற்கு இரண்டு வீடு. உன் காகிதத்தில் ஒரு வீடுதான் மிச்சம். அவளை அநாதையாக்கி வாங்க நான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். உனக்காக இல்லை, உன் புருஷனுக்காகவும் இல்லை. நான் போடாவிட்டால், நீங்கள் நான்கு பேரும் அங்கே உட்கார்ந்து தினம் அவள் முகத்தைப் பார்ப்பீர்கள், இவளால்தான் போகவில்லை என்று. நீ வாயால் சொல்ல மாட்டாய். சோறு போடுகிற கையில் தெரியும். அவளுக்குப் புரியும்.

நர்ஸிடம் பேசிவிட்டேன். மருந்து இருக்கிறது. அக்டோபர் முதல் கப்பலில் வருகிறேன். அதுவரை பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாதே. நான் பேசிக்கொள்கிறேன்.

லெசியெலி


குயின்ஸ்லாந்து
3 நவம்பர் 1997

அண்ணிக்கு,

வந்து சேர்ந்தோம். நான்கு பேரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் செய்தது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் படகுத்துறையில் செய்தது என்ன? அன்று காலையிலேயே வக்கீல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டீர்கள். என்னோடு துறைவரை நடந்து வந்தீர்கள். நான் அவள் கையை உங்கள் கையில் கொடுக்கத்தான் வந்தேன். அதற்குள் அவளை என் இடுப்பிலிருந்து பிடுங்கினீர்கள். கப்பலுக்கு நின்ற கூட்டம் முழுக்கக் கேட்கக் கத்தினீர்கள். "ஃபாஹு நான்! கேட்டா குடுக்கணும்! நீ யாருடி தடுக்க? அழுது பொரண்டாலும் ஒம் பொண்ண விடமாட்டேன்!" நான் எங்கே தடுத்தேன்? என் மார்பில் கை வைத்துத் தள்ளினீர்கள். அத்தனை பேர் எதிரில் மல்லாந்து விழுந்தேன். பிள்ளை, "அம்மா எந்திரி, அம்மா என்னய விடாதே" என்று கத்திக்கொண்டே போனாள். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. துறையில் ஒருத்தி, "இந்தக் கெழவிக்கு ஈரமே இல்ல" என்றாள். உண்மைதான். கேட்டது கிடைத்த பிறகும் என்னை மிதிக்காமல் உங்களால் போக முடியவில்லை.

இதோடு ஹெயிலாலாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இதயம், ஊசி, விண்ணப்பம், ஏன் விட்டுவிட்டு வந்தோம், எல்லாம் எழுதியிருக்கிறேன். இனிமேலாவது நான் பொய் சொல்லக் கூடாது. அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குக் கொஞ்சமாவது மனசு இருந்தால் படித்துக் காட்டுவீர்கள்.

கலோலைன்


ஹாபாய்
30 நவம்பர் 1997

கலோலைனுக்கு,

அவள் சுகம். இரண்டு ஊசி முடிந்தது. என் சுகத்தை நீ கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போட்டேன்.

உண்மை பேச உனக்கு இப்போதுதான் நேரம் கிடைத்ததா? உண்மை என்ன? "உனக்கு நெஞ்சில் கோளாறு, அதனால் உன்னை விட்டுவிட்டு உன் அண்ணன்மாரைக் கூட்டிக்கொண்டு போனோம்." அதுதானே? அதைக் கேட்டுக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை எங்கே போய் நிற்பாள்? சொன்னால் உன் பாரம் இறங்கும். அது அவள் தலையில் ஏறும்.

அவள் என்னிடம் கேட்டாள், கப்பலில், வாந்தி எடுத்துக்கொண்டே. "அம்மா என்னய வேணாம்னுட்டாளா அத்தை?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "ஒங்கம்மாவா? அவ ஒன்ன விட்டாளா? நீதான் பாத்தியே, எப்புடி விழுந்து பொரண்டான்னு! நான்தான் புடுங்கிட்டு வந்தேன். அத்தை கேட்டா குடுத்தே ஆகணும், அதான் மொறை. ஒங்கப்பன் கடுதாசில அழுதான், ஒங்கம்மா அழுதா, நான் விடல." அதை அவள் நம்பினாள். கண்ணால் பார்த்ததை யார் நம்பமாட்டார்கள்? நீ அங்கே மெதுவாக அவள் கையை என் கையில் கொடுத்திருந்தால், அந்தக் கை விலகினதைத்தான் அவள் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். உன்னைத் தள்ளினேன் என்றால் அதற்குத்தான். கொஞ்சம் பலமாகவே தள்ளினேன், அது நீ பாடிய ஸ்தோத்திரத்துக்கு.

இந்தத் தீவு முழுக்க என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்கிறது. கோயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. சொல்லட்டும். அவளும் என்னை வெறுக்கட்டும். வெறுத்துக்கொண்டே சாப்பிடலாம், வெறுத்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளலாம். விட்டுவிட்டுப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு இறங்காது.

ஆகவே நீ இனி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் என்னைத் திட்டு. அத்தை உன்னைப் பிடுங்கிக்கொண்டாள், நான் போராடினேன், முடியவில்லை என்று எழுது. வருஷா வருஷம் எழுது. அதை மட்டும் படித்துக் காட்டுகிறேன். வேறு எதையாவது எழுதினால் அதுவும் அடுப்புக்குத்தான் போகும்.

நேற்று குளிக்க வைக்கும்போது என் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. "எங்கம்மாகிட்ட கொண்டுபோய் விடு" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். டாக்டர் என்ன சொன்னானோ தெரியாது, நல்ல பலமாகத்தான் கடிக்கிறாள்.

லெசியெலி